கேள்விக்கு அப்பாற்பட்டவர் யார்?

பிற சமயத்தார் போற்றி வணங்கும் ஒருவரைப் பற்றி எழுதப் புகும்போது எழுதுகோல் இருவகையில் வழுக்குவதுண்டு. நமக்கேன் வம்பு என்று ஒதுங்கி, நல்ல வார்த்தை நாலு சொல்லி முடித்துவிடுவது ஒருவகை. நம் கொள்கைக்கு மாறானவர்தாமே என்னும் துணிவில் எள்ளி நகையாடி மகிழ்வது மற்றொரு வகை. முன்னதில் உண்மை இராது. பின்னதில் நீதி இராது. நீதியுடன் கூடிய உண்மையைத் தேடுவோர்க்குப் புட்டபர்த்தி சத்ய சாயி பாபாவின் வாழ்க்கையைப் போல ஆராயத்தக்க பொருள் பிறிதொன்று எளிதில் வாய்க்காது.

1926-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்து அனந்தப்பூர் மாவட்டத்தில், சித்ராவதி ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் சத்யநாராயண ராஜு என்னும் பெயருடன் பிறந்தவர் அவர். 2011 ஏப்ரல் 24 அன்று, தாம் நிறுவிய மருத்துவமனையிலேயே, 84-ஆம் வயதில் கண்மூடினார். அரசு மரியாதையுடன் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அஞ்சலி செலுத்தப் பிரதமர் மன்மோகன் சிங் நேரில் வந்தார். 2022-இல் அவர் பெயராலேயே ஆந்திர அரசு ஒரு மாவட்டத்தை அமைத்தது. ஒரு சிற்றூர்ச் சிறுவன் ஒரு மாவட்டத்தின் பெயராக மாறிய இந்த எண்பத்து நான்கு ஆண்டுக் கதையில் அற்புதம் உண்டு; அறம் உண்டு; விடை கூறப்படாத வினாவும் ஒன்று உண்டு.

அவர் தம்மை அவதாரம் என்றார். அடியார்கள் கடவுள் என்றனர். ஏகத்துவத்தை உயிராகக் கொண்ட நமக்கு அக்கூற்று ஏற்புடையதன்று என்பதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். அதற்குத் தனிக் கட்டுரை தேவையில்லை. ஆயினும், அவரைச் சூழ்ந்து எழுந்த சிக்கல்கள் அனைத்தும் கொள்கைச் சிக்கல்கள் அல்ல. அவற்றுட் சில நம் வீட்டு வாசலிலும் வந்து நிற்பவை. அதனாலேயே இக்கட்டுரை.

பள்ளிவாசலில் வாழ்ந்த பக்கீர்

1940-ஆம் ஆண்டு மே மாதத்தில், பதின்மூன்று வயதுச் சிறுவனாக இருந்த சத்யநாராயணன் தன்னைச் சாயி பாபா என அறிவித்துக்கொண்டான். மராட்டிய நாட்டு ஷிர்டியில் வாழ்ந்து 1918 அக்டோபர் 15-ஆம் நாள் மறைந்த மகானின் மறுபிறப்பே தான் என்பது அச்சிறுவனின் கூற்று. அந்த ஷிர்டி பெரியவர் யார்? பிறந்த ஊரும் பெற்றோர் பெயரும் உறுதியாகத் தெரியாத ஒரு பக்கீர். இடிந்த பள்ளிவாசல் ஒன்றையே இருப்பிடமாகக் கொண்டவர். நீண்ட அங்கியும் தலையில் கட்டிய துணியுமாகத் திரிந்து, வீடுவீடாகச் சென்று பிச்சை ஏற்று உண்டவர். இறைவனே அதிபதி என்பதை ஓயாது நாவில் ஓட்டிக்கொண்டிருந்தவர். அவர் மறைந்தபின் அடக்கத்தலத்தைப் பேணி நின்ற தொண்டர்களுள் அப்துல் பாபா என்னும் முஸ்லிம் ஒருவர். அன்னார் வைத்திருந்த உருதுக் குறிப்பேட்டையும் துணையாகக் கொண்டு, ஷிர்டி பெரியவரைச் சூஃபி மரபின் ஒளியில் ஆராயும் நூலொன்றை மரியான் வாரன் என்னும் ஆய்வாளர் 1999-இல் வெளியிட்டார்.

ஷிர்டியின் பள்ளிவாசலில் ஒரு நெருப்புக் குழி அணையாது எரிந்துகொண்டிருந்தது. அதிலிருந்து அள்ளிய சாம்பலையே அவர் வந்தவர்க்கெல்லாம் கொடுத்தார். சாம்பல் எங்கிருந்து வந்தது என்னும் ஐயத்துக்கு அங்கே இடமில்லை. விறகு எரிவதை எல்லோரும் கண்டனர். புட்டபர்த்தியிலோ அதே சாம்பல் வெறுங்கையின் சுழற்சியில் தோன்றியது. பெறுபவன் நெற்றியில் இட்டுக்கொண்ட பொருள் ஒன்றுதான். ஆனால் முன்னவரிடம் அது எளிமையின் அடையாளமாக இருந்தது. பின்னவரிடம் ஆற்றலின் சான்றாக ஆகிவிட்டது. பக்கீரின் மரபு எங்கே திசை மாறியது என்பதை இந்த ஒரு பிடிச் சாம்பலிலேயே கண்டுகொள்ளலாம்.

எல்லாச் சமயங்களையும் தாம் ஏற்பதாக அவர் கூறிவந்தார். அவருடைய இயக்கத்தின் சின்னத்தில் பிறையும் நட்சத்திரமும் இடம்பெற்றிருந்தன. நம்மவருள்ளும் அவரை மதித்தோர் உண்டு. அப்துல் கலாம் அவர்கள் குடியரசுத் தலைவராக இருந்தபோது புட்டபர்த்திக்குச் சென்றதை நாடறியும். ஆகவே, இது நமக்கு முற்றிலும் அயலார் கதை எனத் தள்ளிவிடவும் இயலாது.

நகைச்சுவையாளர் எழுதிய புராணம்

சத்ய சாயி பாபாவின் புகழ் பரவியதில் ஓர் எழுத்தாளருக்குப் பெரும் பங்குண்டு. அவர் நா. கஸ்தூரி. மைசூரில் வரலாற்றுப் பேராசிரியராக விளங்கியவர்; கன்னட இலக்கிய உலகில் நகைச்சுவை எழுத்தாளராகப் பெயர் பெற்றவர். அவர் ஆங்கிலத்தில் பல பாகங்களாக எழுதிய ‘சத்யம் சிவம் சுந்தரம்’ என்னும் வாழ்க்கை வரலாறே அடியார்களின் முதன்மை நூல். 1958-இல் தொடங்கப்பெற்ற ‘சனாதன சாரதி’ என்னும் ஆசிரம இதழின் ஆசிரியப் பொறுப்பையும் அவரே ஏற்றிருந்தார்.

நூலின் அமைப்பு நமக்குப் பழக்கமானது. பிறப்புக்கு முன்னர் வீட்டிலிருந்த இசைக் கருவிகள் இரவில் தாமே ஒலித்தன; குழந்தையின் படுக்கைக்கு அடியில் நாகம் ஒன்று காணப்பட்டது; வெற்றுப் பையிலிருந்து தோழர்களுக்குத் தின்பண்டம் வந்தது; ஆற்றங்கரைக் குன்றின் புளியமரம் கேட்ட கனியெல்லாம் கொடுத்தது. இவற்றைப் படிக்கும் தமிழ் முஸ்லிம் ஒருவருக்கு நாகூர் குலாம் காதிறு நாவலர் அவர்கள் இயற்றிய ‘கன்சுல் கராமாத்து’ நினைவுக்கு வருமாயின் வியப்பில்லை. வலிமார்களின் வாழ்வைக் கூறும் நூல்கள் எந்தச் சமயத்தில் எழுந்தாலும் அவற்றின் நடை ஒன்றுபோல் அமைவது இயல்பே.

வேறுபாடு வேறோரிடத்தில் இருக்கிறது. நாவலர் அவர்கள் எழுதியது, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்துவிட்ட ஒரு மகானைப் பற்றி. தலைமுறை தலைமுறையாக மக்கள் நாவில் வாழ்ந்த செய்திகளை அவர் இலக்கியமாகத் தொகுத்தார். கஸ்தூரி எழுதியது, அடுத்த அறையில் உயிரோடு இருப்பவரைப் பற்றி. கேட்கலாம், பார்க்கலாம், சோதிக்கலாம். வரலாற்றுப் பேராசிரியர் ஒருவருக்கு இதனினும் நல்வாய்ப்பு ஏது? ஆயினும் அந்நூலில் ஐயுறுபவன் பெரும்பாலும் ஒரே வேடத்தில்தான் வருகிறான்; முதலில் நகைப்பான், பிறகு அற்புதம் கண்டு அடிபணிவான். ஐயுற்று, ஆராய்ந்து, விடை பெற்றுச் சென்றவன் என்று ஒருவனை அதில் தேடிக் காண்பது அரிது. உலகத்தை நகைத்துப் பார்க்கத் தெரிந்த ஓர் எழுத்தாளர், தம் குருவின் முன் அந்த நகைப்பை முழுவதுமாக இழந்துவிட்டார். பக்தியின் வெற்றி என்று அடியார் இதனைக் கூறலாம். இலக்கியத்தின் நோக்கில் இது ஓர் இழப்பே.

கைவினை அறிந்தோரின் சோதனை

ஐயுற்றவர்கள் புத்தகத்துக்கு வெளியே இருந்தார்கள். பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த எச். நரசிம்மையா அவர்களுள் ஒருவர். இயற்பியல் அறிஞர், காந்திய வழி நின்ற எளிமையாளர். 1976-இல் அற்புதங்களையும் மூடநம்பிக்கைகளையும் ஆராய ஒரு குழுவை அவர் அமைத்தார். கட்டுப்பாடான சூழலில் தம் ஆற்றலைக் காட்டுமாறு வேண்டிச் சத்ய சாயி பாபாவுக்கு மூன்று மடல்கள் விடுத்தார். மடல்களுக்கு மறுமொழி வரவில்லை. ஆன்மிகத்தை அறிவியல் அளந்தறிய முடியாது என்பதே பாபாவின் தரப்பிலிருந்து பொதுவில் வந்த விளக்கம்.

இவ்விளக்கம் முற்றிலும் பொருளற்றது என நாம் கூற மாட்டோம். தொழுகையில் உள்ளம் உருகுவதை எந்தக் கருவி அளக்கும்? ஆனால் தங்க மோதிரம் உள்ளத்தில் நிகழ்வதன்று. அது விரலில் ஏறுவது. தட்டானின் தராசில் நிற்பது. கண்ணால் காணும் பொருளைச் சான்றாகக் காட்டிவிட்டு, கண்ணால் ஆராயாதே என்று தடுப்பது எவ்வாறு பொருந்தும்?

இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் இத்தகைய அற்புதங்களை மெய்ப்பிப்போர்க்கு ஓர் இலட்ச ரூபாய்ப் பரிசு என அறைகூவல் விடுத்திருந்தார். 1978-இல் அவர் இறக்கும்வரை அப்பரிசை எவரும் பெறவில்லை. கோவையை அடுத்த போத்தனூரில் வாழ்ந்த பிரேமானந்த் அவ்வழியே நடந்தவர். மாயவித்தையை முறையாகக் கற்றவர். திருநீறு வரவழைப்பதையும் வாயிலிருந்து இலிங்கம் எடுப்பதையும் ஊர் ஊராகச் சென்று தாமே செய்து காட்டி, பிறகு அதன் சூட்சுமத்தையும் விளக்கினார். தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில், தங்கத்தை வரவழைப்பவர் உரிமம் பெற வேண்டாவா எனக் கேட்டு நீதிமன்றத்துக்கும் சென்றார். வழக்குத் தள்ளுபடியாயிற்று. 2009-இல் அவர் காலமானார்.

கோவூரும் பிரேமானந்தும் இறைவனையே மறுத்தவர்கள். அவ்வகையில் அவர்கள் நமக்கு வழிகாட்டிகளல்லர். ஆனால் ஓர் உண்மையை நாம் மறத்தல் ஆகாது. பிர்அவ்னின் அவையில் ஹஜ்ரத் மூஸா (அலை) அவர்களின் கைத்தடியைக் கண்டு முதன்முதலில் சிரம் தாழ்த்தியவர்கள் யார்? கைவினையில் தேர்ந்த சூனியக்காரர்களேயன்றோ! வித்தை எது, வித்தைக்கு அப்பாற்பட்டது எது என்பதைப் பிரித்தறிய அவர்களால் முடிந்தது. உண்மையான அற்புதம் வித்தை அறிந்தவனைக் கண்டு ஒதுங்கியதில்லை. அவனையே தன் முதற் சான்றாளனாக்கிக்கொண்டது.

தண்ணீர் என்னும் பேரறம்

இனி நீதியின் மறுபக்கத்துக்கு வருவோம். அனந்தப்பூர் மழை மறைவுச் சீமை. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெட்டு வருந்திய ஊர்கள் அங்கே பல. அரசுகள் ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டிருந்த குடிநீர்த் திட்டத்தை, 1990-களின் நடுவில் பாபாவின் அறக்கட்டளை ஏற்றுக் குறுகிய காலத்தில் முடித்துக் காட்டியது. எழுநூறுக்கும் மேற்பட்ட ஊர்கள் அதனால் பயன்பெற்றன. தலையில் குடமேந்திக் காததூரம் நடந்த பெண்களின் கால்கள் அந்த அறத்துக்குச் சாட்சி சொல்லும்.

1991 நவம்பரில் புட்டபர்த்தியில் உயர்தனி மருத்துவமனை ஒன்று திறக்கப்பெற்றது. இதய அறுவை முதலிய பெருஞ்சிகிச்சைகள் அங்கே கட்டணமின்றி அளிக்கப்பட்டன. அக்கட்டடத்தை வடிவமைத்த கீத் கிரிட்ச்லோ என்னும் ஆங்கிலேயர், இஸ்லாமியக் கலையின் வடிவக்கோலங்களைப் பற்றி 1976-இல் புகழ்பெற்ற நூலொன்றை எழுதியவர் என்பது நம் வாசகர்களுக்குச் சுவையான செய்தி. 2001-இல் பெங்களூர் ஒயிட்ஃபீல்டிலும் அத்தகைய மருத்துவமனை எழுந்தது. பணம் கட்டும் சாளரமே இல்லாத மருத்துவமனையில் தன் குழந்தையின் உயிரைத் திரும்பப் பெற்ற தாயிடம் சென்று திருநீறு வித்தையைப் பற்றி வாதிடுபவன் இதயமற்றவன்.

தமிழ்நாட்டுக்கும் அவர் கடன் வைத்துச் சென்றார். கிருஷ்ணா நீரைச் சென்னைக்குக் கொணரும் தெலுங்கு கங்கைத் திட்டம் 1983-இல் ஒப்பந்தமானது. 1996-இல் நீர் வந்ததெனினும், கண்டலேறு முதல் பூண்டி நோக்கி வரும் கால்வாயின் கரைகள் சரிந்தும் நீர் கசிந்தும் வீணானதால், திறந்துவிட்டதில் சிறு பங்கே எல்லை வந்து சேர்ந்தது. 2002-இல் பாபா அக்கால்வாயைச் செப்பனிடும் பொறுப்பை ஏற்றார். ஏறத்தாழ 200 கோடி ரூபாய்ச் செலவில் பணி முடிந்து, 2004 இறுதியில் நீர் வந்தது. 2007 சனவரியில் சென்னையில் நடந்த பாராட்டு விழாவில், கடவுள் மறுப்புக் கொள்கையில் ஊறிய முதல்வர் கலைஞர் கருணாநிதி அவர் அருகே அமர்ந்து வாழ்த்தினார். அந்நாளில் இதனைக் கேலி செய்தோர் பலர். தாகத்துக்கு நீர் தந்தவனுக்கு நன்றி சொல்வதற்குக் கொள்கை தடையாக வேண்டியதில்லை. சென்னைக் குழாய்களில் வந்த அந்நீரில் பள்ளிவாசல்களில் ஒளுச் செய்தோரும் இருந்திருப்பர். நன்றி மறப்பது நம் மார்க்கம் அன்று.

விடை கூறப்படாத வினா

இவ்வளவு நன்மைக்கு நடுவே எழுந்ததுதான் அந்த வினா. 2000-ஆம் ஆண்டையொட்டி, பாபாவின் அடியார்களாக இருந்த சிலரும் அவர்களுடைய பிள்ளைகளும், தனி நேர்காணல் என்ற பெயரில் அறைக்கு அழைக்கப்பட்ட இளைஞர்களும் சிறுவர்களும் தகாத முறையில் நடத்தப்பட்டனர் என வெளிப்படையாகக் கூறத் தொடங்கினர். அவ்வாண்டு செப்டம்பரில் புட்டபர்த்தியில் நடைபெறவிருந்த கல்வி மாநாடு ஒன்றிலிருந்து, இக்குற்றச்சாட்டுகளைச் சுட்டி யுனெஸ்கோ விலகிக்கொண்டது. டிசம்பரில் ‘இந்தியா டுடே’ இதனை அட்டைப்படக் கட்டுரையாக வெளியிட்டது. 2004-இல் பி.பி.சி. ஓர் ஆவணப் படம் ஒளிபரப்பியது. இதற்கு முன்பே, 1993 ஜூன் 6 இரவில் அவருடைய இருப்பிடத்துக்குள் கத்தியுடன் நால்வர் புகுந்ததும், அவருடைய உதவியாளர் இருவர் கொல்லப்பட்டதும், புகுந்த நால்வரும் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டதும் பல ஐயங்களை விட்டுச் சென்றிருந்தன.

குற்றச்சாட்டு தீர்ப்பு ஆகாது. பாபாவும் அவருடைய அமைப்பும் அவற்றை முற்றாக மறுத்தனர். எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி எனக் கூறியதில்லை. இன்று அவர் உலகில் இல்லை. மாண்டவர்மீது தீர்ப்பெழுத நமக்கு உரிமையும் இல்லை. ஆனால் குற்றச்சாட்டு எவ்வாறு எதிர்கொள்ளப்பட்டது என்பதை ஆராய நமக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு.

2001 டிசம்பரில் ஓர் அறிக்கை வெளிவந்தது. குற்றச்சாட்டுகள் யாவும் ஆதாரமற்றவை என்பது அதன் சாரம். கையொப்பமிட்டவர்கள் யார்? நாட்டின் பிரதமர் வாஜ்பாய். உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிகளாக இருந்த பி.என். பகவதி, ரங்கநாத் மிஸ்ரா; நஜ்மா ஹெப்துல்லா அம்மையார்; சிவராஜ் பாட்டீல். எத்தகைய பெயர்கள்! ஆனால் எந்த விசாரணைக்குப் பின் இம்முடிவுக்கு வந்தனர்? குற்றம் சாட்டியவர்களை அழைத்துக் கேட்டார்களா? சுதந்திரமான குழு ஒன்றை அமைத்தார்களா? வாழ்நாளெல்லாம் இருதரப்பும் கேட்டுத் தீர்ப்புரைத்த நீதிபதிகள், இங்கே மட்டும் ஒருதரப்பும் கேளாமல் தீர்ப்புரைத்தது ஏன்? மருத்துவமனையும் குடிநீரும் அவர்கள் கண்முன் நின்றன. இவ்வளவு நன்மை செய்தவர் அவ்வளவு தீமை செய்திருப்பாரா என்பதே அவர்தம் வாதம்.

இந்த வாதத்தைத்தான் நாம் நிறுத்தி நோக்க வேண்டும். அறம் என்பது கேள்வியிலிருந்து விலக்குப் பெறுவதற்குச் செலுத்தும் கட்டணம் அன்று. ஆயிரம் ஊர்களுக்கு நீர் தந்தவராயினும், ஒரு சிறுவன் ‘எனக்குத் தீங்கு நேர்ந்தது’ என்றால், அச்சொல் ஆராயப்பட்டே தீர வேண்டும். ஆராய்ந்தபின் பொய்யெனத் தெளிந்தால் பெரியவரின் புகழ் மேலும் துலங்கும். மெய்யெனத் தெளிந்தால் பிள்ளைகள் காக்கப்படுவர். ஆராயாமை யாருக்கு நன்மை தந்தது? அவருக்கும் அன்று, களங்கம் களங்கமாகவே தங்கிவிட்டது. குற்றம் சாட்டியவர்க்கும் அன்று. இறப்புக்குப் பின் 2011 ஜூனில் அவருடைய இருப்பிட அறையைத் திறந்தபோது ஏறத்தாழ 98 கிலோ தங்கமும், 307 கிலோ வெள்ளியும், பதினோரு கோடிக்கு மேற்பட்ட ரொக்கமும் எண்ணி எடுக்கப்பட்டன. பொன்னை எண்ணக் கணக்காளர் வந்தனர். பிள்ளைகளின் சொல்லை எண்ணிப் பார்க்கத்தான் ஒருவரும் வரவில்லை.

நம் கையில் உள்ள அளவுகோல்

நம் மார்க்கம் இத்தகைய நிலைகளுக்குத் தெளிவான அளவுகோல் தந்துள்ளது. நபிமார்கள் வழி வெளிப்படுவது முஃஜிஸாத்து. வலிமார்கள் வழி வெளிப்படுவது கராமத்து. நெறி தவறியவன் கையிலும் வியப்பு நிகழக்கூடும், அது இஸ்திதுராஜ், அவனை மேலும் வீழ்த்துவதற்காக விட்டுப்பிடிக்கும் சோதனை என நம் உலமாக்கள் வகுத்துரைத்தனர். இதன் பொருள் என்ன? வியப்பைக் கொண்டு ஆளை அளக்காதே. ஆளைக் கொண்டே வியப்பை அளந்தறி என்பதுதான். ஒருவர் அந்தரத்தில் அமர்ந்திருக்கக் கண்டாலும் மயங்காது, அவர் இறைக் கட்டளைகளையும் வரம்புகளையும் எவ்வாறு பேணுகிறார் என்று நோக்குமாறு பாயஸீத் பிஸ்தாமி (ரஹ்) அவர்கள் எச்சரித்ததாகச் சூஃபி நூல்கள் கூறுகின்றன.

நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைப் பாருங்கள். அவர்களுடைய அருமைக் குழந்தை இப்றாஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நேர்ந்தது. நபிமகனுக்காகவே கதிரவன் ஒளியிழந்தது என மக்கள் பேசலாயினர். எவரும் ஏற்பாடு செய்யாத அற்புதம்; தானாக வந்து மடியில் விழுந்த புகழ். மகனை இழந்த துயரத்தின் நடுவிலும் அண்ணலார் அதனை ஏற்கவில்லை. சூரியனும் சந்திரனும் இறைவனின் சான்றுகளே, எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவை மறைவதில்லை எனத் தெளிவுறுத்தினார்கள். இறைவனின் கருவூலங்கள் தம் கையில் இல்லை, மறைவானவற்றைத் தாம் அறிவதில்லை என்று மக்களிடம் அறிவிக்குமாறு அவர்கள் பணிக்கப்பட்டதையும் திருமறை எடுத்துரைக்கிறது.

இன்னொரு நிகழ்ச்சி இதனினும் நுண்ணியது. ஓர் இரவு, பள்ளிவாசலில் இஃதிகாஃபில் இருந்த நாயகம் (ஸல்) அவர்களைக் காண அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்கள் வந்திருந்தார்கள். அன்னையாரை வழியனுப்பச் சென்றபோது அன்சாரிகள் இருவர் விரைந்து கடந்தனர். நாயகம் அவர்களை நிறுத்தி, உடன் இருப்பவர் தம் துணைவி ஸஃபிய்யாவே எனக் கூறினார்கள். தங்கள்மீது ஐயம் கொள்வோமா என அவ்விருவரும் பதறினர். மனித உள்ளத்தில் ஷைத்தான் ஐயத்தை விதைக்கக்கூடும் என அஞ்சியே சொன்னதாக அண்ணலார் விளக்கினார்கள். எவரும் கேட்கவில்லை, கேட்கும் துணிவும் எவர்க்கும் இல்லை. எனினும் விடை வந்தது. இருளில், தனிமையில், ஒரு பெண்ணுடன் நின்ற காட்சிக்கு, மாசற்ற நபியே கேளாமல் விளக்கம் தந்தார்கள். அவ்வாறிருக்க, மூடிய அறைக்குள் பிறர் வீட்டுப் பிள்ளையுடன் இருந்த எந்த மனிதர், என்னைக் கேட்காதே எனக் கூற இயலும்?

நம் வீடுகளுக்குள்

இவ்வளவையும் எழுதியது அடுத்த வீட்டைச் சுட்டி நம் வீட்டை மெச்சிக்கொள்வதற்காக அன்று. ஓதிப் பார்க்கவும் தாயத்து வாங்கவும் நோயுற்ற பெண்களைத் தனியே அழைத்துச் செல்லும் பழக்கம் நம்மிடையே இல்லையா? இன்னார் ஊதினால் கடன் தீரும், இன்னார் தகடு எழுதினால் மருமகள் வசமாவாள் என்று நாளும் கிழமையும் பார்த்துச் செல்வோர் இல்லையா? ஷைகின் கையில் முரீது, குளிப்பாட்டுவோன் கையிலுள்ள மையித்தைப் போல் இருக்க வேண்டுமென்னும் பழஞ்சொல், உள்ளத்தின் பயிற்சிக்காகச் சொல்லப்பட்டது. வரம்பு மீறலைக் கண்டும் வாய் மூடி இருக்க அதனைச் சான்றாகக் காட்டுவோர் இன்றும் உளர். தர்காவுக்குச் செல்வதா வேண்டாவா என்னும் வாதத்துக்குள் நான் புகவில்லை. செல்வோரும் செல்லாதோரும் தம் பிள்ளைகளை எவரிடமாவது ஓத விடுகின்றனர். எந்தப் பெரியவரையாவது நம்புகின்றனர். அளவுகோல் இருசாராருக்கும் ஒன்றே.

புட்டபர்த்தி விவகாரத்தில் என் உள்ளத்தை மிகவும் வருத்தும் செய்தி திருநீறும் அன்று, தங்கமும் அன்று. குற்றம் சாட்டியவர்கள் பகைவர் வீட்டிலிருந்து வந்தவர்களல்லர். அவருடைய அடியார்களின் மக்கள். பெற்றோர் பெரும்பேறு எனக் கருதி வாயிற்படிவரை அழைத்துச் சென்று விட்ட பிள்ளைகள். தான் சொல்வது தந்தையின் கடவுளுக்கு எதிரான சொல் என்பதை அறிந்த ஒரு சிறுவன் எத்தனை நாள் வாய் திறவாதிருந்திருப்பான்! வாய் திறந்த நாளில் அவனுக்கு எத்தகைய மறுமொழி கிடைத்திருக்கும்!

மக்தபுக்கோ, மதரஸாவுக்கோ, விடுதிக்கோ பிள்ளையை அனுப்பும் தாய்தந்தையர் இதனை உள்ளத்தில் இருத்த வேண்டும். உஸ்தாதுமார்களுள் மிகப் பெரும்பாலோர் தம் வயிற்றைக் கட்டி நம் பிள்ளைகளுக்குத் திருமறை புகட்டும் உத்தமர்கள். அந்த உத்தமர்களின் மானத்தைக் காப்பதும் ஆராய்ச்சியேயன்றி மூடிமறைப்பன்று. பிள்ளை ஒருநாள் தயங்கித் தயங்கி ஏதேனும் கூறினால், ‘ஹஜ்ரத்தைப் பற்றியா அப்படிச் சொல்கிறாய்’ என்று வாயில் அடிக்காதீர்கள். முதலில் கேளுங்கள், முழுவதும் கேளுங்கள், பிறகு ஜமாஅத்தார் முன்னும், தேவையாயின் சட்டத்தின் முன்னும் வையுங்கள். 2012-இல் இயற்றப்பட்ட போக்சோ சட்டத்தின்படி, பிள்ளைகளுக்கு இழைக்கப்பட்ட இத்தகைய குற்றத்தை அறிந்தும் அறிவியாதிருப்பதே தண்டனைக்குரியது. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று ஜமாஅத்தார் தயங்குவாராயின், அன்று தில்லியில் கையொப்பமிட்ட பெருமக்களுக்கும் அவர்களுக்கும் வேறுபாடு இல்லை.

சித்ராவதிக் கரையிலிருந்து ஊர்களுக்கு ஓடிய நீர் நன்மையே. அதனை நாம் மறுக்கவில்லை. அந்நீரைப் பருகியவர் அவரை வாழ்த்தட்டும். அந்த அறைக்குள் அழைக்கப்பட்டதாகக் கூறிய பிள்ளைகளின் வினாவும் வினாவே. அதற்கு விடை கூறவேண்டியவர் விடை கூறாமலே சென்றுவிட்டார். ஆலிமாயினும், ஷைகாயினும், கோடி கொடுத்த கொடையாளராயினும், கேள்விக்கு அப்பாற்பட்டவர் என ஒருவரும் நம்மிடையே இருத்தலாகாது. எவராலும் வினவப்படாதவன் அல்லாஹ் ஒருவனே. மற்றவர் யாவரும் வினவப்படுவோரே. நம் வீட்டுப் பிள்ளைகள் அச்சமின்றி வாய் திறந்து பேசவும், பேசும்போது நாம் செவி சாய்க்கவும் வல்ல நாயன் நமக்குத் தௌஃபீக் அருள்வானாக!